பச்சை பிடித்த அரிசி

இல்லை, கெட்டிருக்கவில்லை. நேற்று மாலை மூடியைத் திறந்து மூன்று முறை முகர்ந்து பார்த்தேன். முதலில் உப்பு. பிறகு பழுத்த கொய்யா. அதற்கும் பின்னால், நெல் அவிக்கும்போது வருமே, அது. நீ இந்த அரிசிக் கஞ்சியை ஊறப்போட்டு எட்டு மாதம். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதம். பாட்டிலின் அடியில் இரண்டு கரண்டி மிச்சம் இருந்தது.

அதை உன் அப்பா கேட்டார்.

இரண்டு கரண்டிதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. போனில் இப்படித்தான் சொன்னார்: "தாயி, நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறி வர்றேன். எம்மக அங்க ஒரு கறி ஆக்குமாமே. எனக்கு ஒருதரம் ஆக்கித் தர்றியா?"

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் வந்தது. கோபம்.

இந்தச் செண்பகனூர் வீட்டில் நாம் சேர்ந்திருந்த மூன்று வருடமும் அவர் மாதம் ஒருமுறை பூம்பாறையிலிருந்து வருவார். பூண்டு மூட்டையைக் கேட்டுக்கு உள்ளே தள்ளிவிட்டு வெளியே நிற்பார். எதிர்க்கடையில் டீ குடிப்பார். "பன்னிக்கறி ஆக்குற வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். பழனிக்குக் காவடி எடுக்குற ஒடம்பு." நீ கேட்டில் சாய்ந்துகொண்டு சிரிப்பாய். "குடிக்காட்டிப் போங்க. வாசனையவாவது பிடிச்சுட்டுப் போங்க." பிறகு உள்ளே வந்து வெங்காயம் நறுக்குவாய். நம் கறிக்கு வெங்காயமே கிடையாது.

உனக்கு இதைக் கற்றுத் தந்தவள், நீ வேலை பார்த்த விடுதியில் ஒரு மாதம் தங்கியிருந்த ஜப்பான்காரப் பெண். போகும்போது ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். பச்சை மாவு போல, பூஞ்சை விதை. அரிசியை ஊறவைத்து, இட்லிச் சட்டியில் அவித்து, கைச்சூடு வந்ததும் அதைத் தூவ வேண்டும். பிறகு இரண்டு நாள் சூடு குறையக் கூடாது. கொடைக்கானல் குளிரில்! வெந்நீர்ப் பை, இரண்டு கம்பளி, உன் ஸ்வெட்டர். நீ வேலைக்குப் போனால் நான் லீவு. அரிசியின் மேல் வெள்ளையாகப் பஞ்சு படரும். அதில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பத்து நாள் கிளறினால் கஞ்சி போலாகும். அதில் ஊறிய கறி விரலால் பிய்யும்.

"வெள்ள வந்தா நல்லது. பச்ச வந்தா கொட்டிரு." முதல் வருடம் நீ சொன்ன சட்டம்.

அந்தச் சட்டப்படிதான் செய்தேன். நீ போன மறுவாரம் வீட்டைத் துடைத்தேன். அலமாரியில் தாளில் மடித்த அரிசி. பச்சை பிடித்திருந்தது. தொட்டதும் புகை போலப் பறந்தது. கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். ஒரு மாதம் கழித்து உன் நோட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கம்: "பொட்டலம் தீர்ந்துவிட்டது. இந்த முறை பச்சை வரட்டும். விதைக்கு."

அன்றிலிருந்து பாட்டிலைத் தொடவில்லை.

நேற்று தொட்டேன். பன்றிக் கழுத்துக்கறி அரைக் கிலோ, விரல் கனத்துக்கு வெட்டியது. பாட்டிலை வழித்துத் தடவினேன். மூன்று வருடம் வாசலில் நின்றவருக்கு. நீ ஒரு வாய் ஊட்ட ஆசைப்பட்டவருக்கு. இரண்டும் ஒரே ஆள்.

காலையில் கேட்டுக்கு வெளியே நின்றார். பழக்கம்.

"உள்ள வாங்கப்பா."

செருப்பைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டார். நான் கறியின் மேல் ஒட்டியதைத் துடைத்து எடுத்தேன், விட்டால் கருகும். இரும்புச் சட்டி. அடங்கிய தீ. மூடி. அவர் அடுப்படி நிலையில் நின்று பார்த்தார்.

"பூண்டு போடலயா?"

"போட மாட்டா."

"பூண்டுக்காரன் மக, பூண்டு போடாமயா கறி ஆக்கிச்சு?"

"உங்க பூண்டெல்லாம் ரசத்துக்குத்தான்."

சிரிக்கவில்லை. உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். மூன்று துண்டு. வெகுநேரம் தொடவில்லை. உதடு அசைந்தது; யாரிடம் மன்னிப்புக் கேட்டாரோ, தெரியாது. எடுத்தார். மென்றார். நான் சுவரைப் பார்த்தேன். இப்போது துப்பினால் இந்த மனிதரை என்ன செய்வேன் என்று யோசித்தேன்.

"பல்லுக்கு வேலையே இல்ல, தாயி."

மூன்றையும் சாப்பிட்டார். தண்ணீர் கேட்டார். குடித்தார்.

பிறகு மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உன் மடிப்பு. நாலு மூலையும் உள்ளே செருகியது.

"நான் கடைசியா வந்தப்ப கேட்டு வாசல்ல வச்சுக் குடுத்துச்சு. வெதைப்பா, நனையாம வைங்கன்னுச்சு. வெதைப்பூண்டுக்குப் பக்கத்துல, புகை படாம பரண்ல வச்சிருந்தேன். இப்ப நடவு. எறக்குனா இதுவும் கெடக்கு. எங்க நடணும்னு தெரியல. அதக் கேக்கத்தான் வந்தேன்."

பிரித்தேன். பச்சை. மேசைமேல் தூசி பறந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மடித்தேன்.

"என்ன வெதை தாயி?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "நீங்க சாப்பிட்டீங்களே, அந்தக் கறிக்கு ஊறப்போடுறது."

தட்டைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார்.

"பரண்லயா? சாமி படத்துக்கு மேலயா?" தோள் குலுங்கியது. சிரிப்பென்று நினைத்தேன். பாதி சிரிப்புதான். "ஏமாத்திருச்சு பாரு, களவாணிக் கழுத."

நான் கொட்டியதைச் சொன்னேன். குப்பை, நோட்டு, எல்லாம். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வெதைய ஒரே எடத்துல வைப்பாளா எம்மக?"

ஆறு மாதத்துக்கு மேல் பரணில் கிடந்தது. உயிர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. "போட்டுப் பாரு. மொளைச்சா சொல்லு," என்று செருப்பை மாட்டினார். கேட்டுக்கு வெளியே போய்த் திரும்பி, "அப்பவும் பூண்டு போட மாட்டீகளா?" என்றார்.

பஸ் கிளம்பியதும் உள்ளே வந்தேன். ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து ஊறப்போட்டேன். கம்பளிகளை எடுத்து வெயிலில் விரித்தேன்.