தலைகீழாப் போட்டுப் பெருக்கு

ஆஷ்லினின் அம்மாவுக்கு,

மல்லாங்கிணற்றில் உன் அம்மா வீட்டில் சுகமாக இருப்பாய். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளை கணக்கில் நூற்றுக்கு நூறு. உன்னால் அல்ல. பிரஸ்ஸில் வீணான காலண்டர் அட்டையை வட்ட வட்டமாக வெட்டி, "அரை வட்டத்துக்குள்ள எத்தனை கால் வட்டம் அடங்கும்னு நீயே வச்சுப் பாரு" என்று ஒரே கணக்குக்குச் சாயங்காலம் முழுக்க அவளோடு விளையாடிக்கொண்டிருந்தாயே, அந்த வட்டங்களைக் கழிவுத்தாள் லோடோடு அனுப்பிவிட்டேன்.

இப்போது ராஜசிங் சாரிடம் டியூஷன் போகிறாள். முதல் நாளே, "பின்னத்தை வகுக்கையில ஏன் சார் தலைகீழாப் போடணும்?" என்று கேட்டாள்.

"ஏட்டி, ஏன்னு கேட்டா மார்க் போடுவாகளா? போட்டுப் பெருக்கு!" என்று ஸ்கேலால் புறங்கையில் இரண்டு வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழுதுகொண்டே பெருக்கினாள். விடை சரி.

முந்தாநாள் நம் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். பக்கத்தில் நின்று பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

இப்படிக்கு,
நூறு மார்க் வாங்கியவளின் அப்பா