நகப் பசையும் நலங்கு மஞ்சளும்

இன்று காலை மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்துவிட்டது. மூலைக் கடையில் உடனே ஒட்டும் பசை வாங்கி வந்து அதன் முனையைக் குத்தினேன். நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் முட்டியதும், செவிலிமேட்டில் நகம் ஒட்டும் உன் கடைக்குள் உட்கார்ந்திருப்பதைப் போலிருந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கண்ணீர் நெடியால் வந்ததுதான். நான் சுலபமாக அழுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும்.

வேலையை நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லியே என் பாதி ஆயுளைத் தின்ற கல்லூரிக்காரர்களை வைதுகொண்டு மாலையில் உன் கடைக்கு வருவேன். நீ யாரோ ஒரு பெண்ணின் விரலைப் பிடித்து நகம் ஒட்டிக்கொண்டே கேட்பாய். நெசவு செய்யும் குடும்பத்துப் பிள்ளை, அதுவும் ஆண், நகம் ஒட்டுகிறான் என்று உன் தெருவில் பேசாதவர்கள் இல்லை.

"என்னா மாஸ்டர், எனக்கும் பத்து நகம் போட்டு உடு. முதுகு சொறிஞ்சிக்க ஆவும்" என்பான் டீக்கடைக்காரன்.

"வாப்பா, மொதல்ல கையக் கழுவிக்கினு வா. உன் கையில எந்தப் பசையும் நிக்காது" என்பாய்.

எனக்குப் பசை என்றால் எல்லாம் ஒன்றுதான். நீதான் பிரித்துக் காட்டினாய். ஒரு நாள் போட்டோவுக்குப் போதும் என்பவளுக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர். தறியில் உட்காரும் பெண்ணுக்கும் அதுதான். மறுநாள் உரித்துவிட்டுப் பட்டு இழையைத் தொடலாம். தண்ணீர்போல் ஓடும் பசை நொடியில் பிடிக்கும், ஆனால் விறைப்பாக இறுகுவதால் எங்காவது இடித்தால் விட்டுவிடும். பிரஷ்ஷால் தடவும் கெட்டிப் பசை நிதானமாக இறுகும். நகத்தின் வளைவுக்கும் ஒட்டு நகத்துக்கும் நடுவே காற்று நிற்க விடாது, இரண்டு வாரம் தாங்கும். விளக்கு வெளிச்சம் பட்டால்தான் இறுகும் ஜெல் வேறு. அது தோலில் பட்டு அரிப்பு வந்துவிட்டால் அப்புறம் எந்த ஜெல்லும் அந்தக் கைக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஓரத்தில் வழிந்ததையெல்லாம் துடைப்பாய். "எந்தப் பசையா இருந்தாலும் எண்ணெ இருந்தா நிக்காதுடா" என்பாய்.

உன் தங்கை கல்யாணத்தில் அதுதான் நடந்தது. அப்பா இல்லாத வீட்டில் உன் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். மணப்பெண் கையில் அண்ணன் பொரி இட வேண்டும் என்பதற்காக நீ புது வேட்டி எடுத்து வைத்திருந்தாய். நகம் ஒட்ட மட்டும் உன்னை விடவில்லை. சம்பந்தி வீட்டுக்கு உன் தொழில் தெரியக்கூடாதாம்; பெண்ணின் அண்ணன் பட்டுக் கடையில் வேலை பார்க்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். சென்னையிலிருந்து வரவழைத்த பெண், நலங்கு முடிந்த கையோடு, மஞ்சளும் எண்ணெயும் நகத்தில் இருக்கும்போதே ஓடும் பசையால் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். முகூர்த்தத்தன்று காலையில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தங்கை அழுதுகொண்டே உன்னைத்தான் கூப்பிட்டாள்.

நீ புது வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, நகத்தைத் துடைத்து, அரத்தால் தேய்த்து, கெட்டிப் பசை தடவி ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தாய். நான் கதவோரம் நின்றேன். கடைசி விரலுக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை உள்ளே வந்துவிட்டார்.

"யாருப்பா இவரு, பொண்ணு கையப் புடிச்சிக்கினு?"

பின்னாலேயே வந்த உன் பெரியப்பா யோசிக்கவே இல்லை. "பார்லர் ஆளுமா. முடிஞ்சிச்சி, இப்ப கெளம்பிடுவான்."

"ஆம்பளையா? நல்லா இருக்குது போ!" அந்த அம்மாள் சிரித்தார்.

நீ தங்கையைப் பார்த்தாய். அவள் கை உன் கையில்தான் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பார்லர் ஆள் ஆகிவிட்ட பிறகு நீ எப்படி அண்ணனாக மேடை ஏறுவாய்? பெரியப்பா மகன் பொரி போட்டான். நீ ஒட்டிய நகங்களின் மேல் அது விழுவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். நான் சாப்பிடாமல் வெளியேறினேன். நீ கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். கேட்டதற்கு, "எந்தங்கச்சி கல்யாணச் சாப்பாடுடா" என்றாய்.

இரண்டு வாரம் கழித்து நகத்தைக் கழற்ற அவள் கடைக்கு வந்தாள். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துக் கட்டி, பசை இளகும்வரை காத்திருந்தாய். பிய்த்து எடுத்தால் சொந்த நகமும் பெயர்ந்து வரும் என்றாய். அந்தக் காலையைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவள் போனதும் நான்தான் கத்தினேன்.

"பயந்துட்டாடா. அவ மேல எனக்குக் கோவமே இல்ல" என்றாய்.

எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது.

பிறகு, போன வருஷம், நெஞ்சுவலி. காரியத்தன்று உன் பெரியப்பா எல்லோர் காதிலும் விழும்படி அழுதார். குடும்பத்துக்கே தூணாக இருந்தாயாம். எழுந்துபோய் அவர் சட்டையைப் பிடிக்காமல் இருந்ததற்கு நீதான் காரணம், உனக்குப் பிடிக்காது.

தங்கை என் அருகில் வந்து நின்றாள். "அண்ணா, அன்னிக்கி நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"எங்கண்ணன் உங்ககிட்ட எதனா சொல்லிச்சா? எம்மேல கோவமாவே இருந்திச்சா?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் போனும் செய்தாள், எடுக்கவில்லை. நீ சொன்னது எனக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. அது அவளுக்குச் சேர வேண்டியது என்பதும் தெரிகிறது. அதை அவளிடம் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.