ரோஜா மணக்கும் மரம்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். நீயும் சின்னவளும் சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்கே பில்லியர்ட்ஸ் ஆடும் கோல்களைத்தான் இழைத்துக்கொண்டிருக்கிறேன். கருங்காலிக் கைப்பிடிக்குள் சிவப்பு மரத்தை ஊசிமுனையாக இறக்கி ஒட்டினால், தடவிப் பார்த்தாலும் இணைப்புத் தெரியாது. பார்த்தால் நீயே கண் வைத்துவிடுவாய்.

போன வாரம் ஒரு கூத்து. இரண்டு சிவப்பு மரங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அறுக்கும்போது ஒன்று மட்டும் ரோஜா மணக்கும். அதை வைத்துத்தான் பிரிப்போம். நான் மாற்றி ஒட்டிவிட்டேன். மேஸ்திரி என் காலடித் தூளை அள்ளி முகர்ந்து, "மூக்கை அடகு வெச்சுட்டியாய்யா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லாம் இந்த மரத்தூள் செய்கிற வேலை, மூக்கு சரியாகிவிடும். சோறு தீய்ந்தால்கூடப் பக்கத்து அறைக்காரர் வந்து சொல்லித்தான் தெரிகிறது. அம்மாவிடம் சொல்லாதே.

மூக்கில் கட்டிக்கொள்ள உன் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. கடைத் துணி உறுத்துகிறது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். சின்னவளுக்கு முத்தம்.

அந்தச் சேலை நீ கட்டி அவிழ்த்ததாக இருக்கட்டும். துவைத்துவிடாதே.