உன்னைப் படமாக்கிய கமிட்டி

இன்று காலை கம்பெனிக்குள் நுழைந்ததுமே ஊதுபத்தி வாசனை. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி என்றால் ஈர மண்ணும் சூளைப் புகையும்தானே மணக்கும்? ஆபீஸை ஒட்டிய புது அறைக்குள் எட்டிப் பார்த்தேன். உன் படம். சம்பங்கி மாலை. மேலே ‘பணியாளர் நலக் கமிட்டி’ என்று பலகை. உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

உன்னை மணிமுத்தாற்றங்கரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன அன்று ஒரு நிமிடம்கூட மெஷினை நிறுத்தாதவர்கள் இந்த நிர்வாகத்தார். உன் நுரையீரலை அடைத்த தூசி எங்கிருந்து வந்தது என்று புதுச்சேரி டாக்டர் கேட்டார். இவர்கள் கேட்கவில்லை.

மண் அரைக்கும் ஷெட்டில் வசந்தா மயங்கி விழுந்தாளே, அதுவரை நமக்காகப் பேசியவர் மேஸ்திரிதான். அன்றும் முதலாளியிடம் போய், “பொம்பளைங்க காலையில சாப்புடாம வராங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தார். நீ மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் முன்னால் உதறினாய். வெள்ளையாகக் கொட்டியது. “இதத்தான் சாப்புடுறோம்னு போயி சொல்லுங்க” என்றாய். மறுநாள் சைக்கிள் ஷெட்டில் கைதூக்கி உன்னைத் தேர்ந்தெடுத்தோம். சங்கம் அப்படித்தான் பிறந்தது. தூசி உறிஞ்சும் ஃபேன் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒரு வருஷம் சங்கத் தேர்தலில் நீ தோற்றாய். நான் அழுதேன். “ஏண்டி அழுவுற? நம்மள வேணாம்னு சொல்ல ஓட்டுப் போட்டவங்களுக்குத் தைரியம் வந்துச்சில்ல” என்று சிரித்தாய்.

நிரந்தர ஆட்கள் ஓய்வுபெறப் பெற, அந்த இடங்களுக்குக் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடும் என்று அவர்களை நிர்வாகம் மிரட்டி வைத்தது. சங்கம் இளைத்தது. சங்கத்துக்குப் பதிலாக நிர்வாகத்தாரே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். அதில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். ஃபேன் பழுதாகி நிற்பதை எதில் எழுதுவது? இப்போது இந்தக் கமிட்டி.

விளக்கேற்ற என்னைக் கூப்பிட்டார் எச்.ஆர். அதிகாரி. “நீங்க அவங்க கூட்டாளியாச்சே, வாங்கம்மா. அவங்க வழியிலதான் கமிட்டி நடக்கப் போவுது.”

“கமிட்டி ஆளுங்கள யாரு சார் தேர்ந்தெடுத்தது?”

“மேனேஜ்மென்ட்டே நல்லவங்களாப் பாத்துப் போட்டிருக்குது.”

“மண் ஷெட்டுலேர்ந்து ஒருத்தருகூட இல்லியே?”

“அப்புறம் பேசலாம்மா. வெளக்க ஏத்துங்க.”

தீப்பெட்டியை நான் வாங்கவில்லை. மாலையைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு, உன் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே மண் ஷெட்டின் கான்ட்ராக்ட் பெண்கள் வந்தார்கள். கம்மாபுரம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள். “எங்களையும் சேத்துக்குவீங்களாக்கா?” என்று செல்வி கேட்டாள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் மண் ஷெட்டுக்காகப் பேச ஒருவரைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் கைதூக்கினோம். செல்வி ஜெயித்தாள். மேனேஜர், “அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது” என்றார். சாயங்காலம், செல்வியும் அவள் தோழியும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

உனக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்த இரண்டு பேரையும் முன்னால் விட்டுத்தான் நாளை காலை எல்லோரும் கேட்டுக்குள் நுழையப் போகிறோம். “இந்த வயசுல எதுக்கு இவ்ளோ கோவம்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சமிருப்பது அதுதான். அதை ஆறவிட மாட்டேன்.