வளைவில் விழுந்த ஒற்றைத் தடம்

செவ்வாய், இரவு

என் கை நடுங்குவதால்தான் ரேஸ் டிராக்கின் வளைவில் கார் தடுமாறுகிறது என்று பட்டறையில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கான்வென்ட்டில் நாலு வரி நோட்டில் பழகிய இந்தக் கை எழுபத்தொரு வயதிலும் நடுங்கவில்லை.

என் கணவர் இறந்த பிறகு நானே வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. வளைவில் வேகமெடுத்தால் தரையில் இரண்டு கறுப்புத் தடங்கள் விழ வேண்டும். போன வாரம் ஒன்றுதான் விழுந்தது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து தரும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் தேய்ந்துவிட்டது, ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்கிறது என்றேன்.

அம்பத்தூர் மெக்கானிக் டில்லி சிரித்தான். "வயசாயிட்ச்சிம்மா. ஊட்டாண்ட ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டிக்கினு இருங்க."

"முதல்ல பிரிச்சுப் பாருப்பா."

இன்று பிரித்தான். டிஃபரன்ஷியலுக்கு உள்ளே இருந்த கிளட்ச் தகடுகள் தேய்ந்து கண்ணாடியாக வழவழத்திருந்தன.

"இன்னாம்மா, ரோட்டைப் பாத்தே கண்டுபுட்ச்சிட்டீங்க!"

தேயும் தகடுகளே இல்லாத பற்சக்கர வகை டிஃபரன்ஷியலை மாட்டச் சொல்லிவிட்டேன். சரி என்றான். ஆனால் வேலைச் சீட்டில் 'ஓட்டுநர் தவறு' என்று அவன் முன்பே எழுதியது அப்படியே இருக்கிறது. அதை வைத்து டிராக்கில் என்னை ஓட்டவிடாமல் நிறுத்திவிடுவார்கள்.

காலையில் அனுப்ப வேண்டியது:

டில்லி, பழுது காரில்தான், ஓட்டியவரிடம் இல்லை. இதை ஒப்புக்கொண்டு எழுத்தில் பதில் தாருங்கள்.