போயிட்டு வாறன்

4 மார்ச், செவ்வாய்

மின்ஜி அக்கா செருப்பைக் கழற்றியதும் குனிந்து, வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைக்கிறார். நான் முதலில் கண்டது அதைத்தான். முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொரியாவிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்தவர். இருபத்திரண்டு வயது. சபைக்குப் பின்னால் உள்ள அறையில் தங்கியிருக்கிறார். நான் சமைக்க வேண்டும், மத்தியானம் அவரோடு தமிழ் பேசவும் வேண்டும். பேசுவதற்கு என்னையா பிடித்தார்கள்? ஒன்பதாம் ஆண்டில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது குரல் வராமல் நின்று, அந்தச் சிரிப்புக்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள் நான்.

அம்மா சொன்னது: "சமை, கதை, என்னவும் செய். சாமிய மட்டும் மாத்திப்போட்டு வந்திராத."

8 மார்ச், சனி

அக்காவின் தமிழ் புத்தகத் தமிழ். பக்கத்து வீட்டு ஆட்டிடம் "நீங்கள் நலமா?" என்று கேட்கிறார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

எங்கேயிருந்து புறப்பட்டாலும் வெறுமனே "போறன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். இப்போது கடையில், பஸ்ஸில், கிணற்றடியில், எங்கும் அதுதான். மீன் வாங்க வரும் வியாபாரி பக்கீர் காக்கா மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போதும் அக்கா அதையே சொன்னார்.

"நான்தானே தங்கச்சி போறன்! நீங்க எங்க போறீங்க?"

எனக்கு வயிறு நோகும்வரை சிரிப்பு. நான் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

14 மார்ச், வெள்ளி

எங்கள் ஊர் அழகரத்தினம் மாமா செத்துப்போனார். விடியற்காலையில் வாவியில் வலை இழுத்துக்கொண்டு நிற்கும்போதே நெஞ்சு அடைத்ததாம்.

15 மார்ச், சனி

ஐயோ. அதைச் சொல்ல எப்படி எனக்கு அயத்துப் போச்சு?

அக்கா செத்த வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். கூட்டிப்போனேன். மாமாவின் மனைவி சீதேவி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நல்லாத்தான் இருந்தது. பிரேதம் வாசல் படலையைத் தாண்டியதும் எழும்பினோம். நான் செத்த வீட்டு முறைப்படி ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அக்கா வாசலில் கிறுகி, வீட்டுப் பக்கம் பார்த்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி—

"போயிட்டு வாறன்."

அழுதவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். செத்த வீட்டில் அதைச் சொல்லலாமா? சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிடுகிற மாதிரி.

மாமாவின் மகன் ஜெயரூபன் அண்ணன் கொள்ளி வைக்கப் புறப்பட்டவர், திரும்பி வந்து கத்தினார். "மறுகாவும் வாறியா? அடுத்தது ஆர எடுக்க வாறாய்?"

நான்தான் சொல்லிக்குடுத்தன் எண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம். வாய் வரல்ல. அதே ஒன்பதாம் ஆண்டுத் தொண்டை.

16 மார்ச், ஞாயிறு

பாதிரியார் வந்தார். "சனத்துக்கு மனவருத்தம் எண்டா அந்தப் புள்ளைய வாகரைச் சபைக்கு மாத்துறன்" என்றார். சனம் என்ன சொல்கிறதென்று பார்த்து வரும் ஞாயிறு முடிவாம்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தார். பின்னேரம் நான் வீட்டுக்குப் புறப்பட்டபோது கையை மட்டும் அசைத்தார். 

இவ போயிட்டா நான் ஆரோட கதைக்கிற?

19 மார்ச், புதன்

அக்கா பெட்டியை இறக்கி வைத்திருக்கிறார். சோற்றோடு புளியாணம் வைத்தேன், தொடவில்லை.

22 மார்ச், சனி

நேற்று மாமாவின் வீட்டில் எட்டாம் நாள் சடங்கு முடிந்தது. இன்று றால் வாங்கக் கரைக்குப் போகும்போது படலைக்குள் இருந்து சீதேவி மாமி கூப்பிட்டார். 

"புள்ள, அந்தக் கொரியாக்காரப் புள்ள எங்க?"

நான் சபைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போன. பாத்துக்கிட்டு இரிக்கன்."

"மாமி... அது தெரியாமச் சொன்ன. நான்தான்—"

"தெரியாமச் சொன்னா என்ன? வந்த சனம் எல்லாம் முறைப்படி சொல்லாமத்தான் போனாங்க. எட்டு முடிஞ்சோட ஒருத்தரையும் காணல்ல. இந்த வீட்டுக்கு வாறன் எண்டு சொன்ன ஒரே ஆள் அதுதான். கூட்டிக்கிட்டு வா."

றால் வாங்காமலே ஓடினேன்.

23 மார்ச், ஞாயிறு

பாதிரியாரிடம் காலையிலேயே மாமி தானே போய்ச் சொல்லிவிட்டாராம். "அந்தப் புள்ளைய எங்கயும் அனுப்பாதீங்க, எனக்கு வேணும்" என்று. வாகரைப் பேச்சு அதோடு நின்றது. அப்பாடா.

பின்னேரம் அக்காவோடு போனேன். ஜெயரூபன் அண்ணன் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணன், நான்தான் சொல்லிக்குடுத்த. செத்த வீட்டில சொல்லப்படா எண்டு சொல்ல மறந்திட்டன்." குரல் வந்தது. கீச்சென்றுதான், ஆனால் வந்தது.

அவர் என்னையே பார்த்தார். "உனக்கு வாய் இரிக்கா?" என்றார். பிறகு வலையை ஒதுக்கி வழி விட்டார்.

மாமி தேத்தண்ணி தந்தார். அக்காவுக்கு வாவியைக் காட்டி, மாமா வலை போட்ட இடத்தைக் காட்டினார்.  பொழுது சாய்ந்தது, எழும்பினோம். அக்கா என் செருப்பையும் சேர்த்துத் திருப்பி வைத்திருந்தார்.

வாசலில் அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். மாமியும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செருப்பைப் போட்டேன். கிறுகி நின்று, தெருவுக்கும் கேட்கிற மாதிரி, "போயிட்டு வாறம், மாமி" என்றேன்.