சட்டைக்குள் ஒரு சட்டை

ஜூலை 28, திங்கள்

ஆடிக் காற்று. வறண்ட காற்று. கொடியில் போட்ட துண்டு அரை மணியில் அப்பளமாகிவிட்டது.

எடை 91.4. தரை சரியில்லையோ என்று மிஷினை நகர்த்திப் போட்டு மறுபடி ஏறினேன். 91.6. இறங்கிவிட்டேன். இன்னொரு தடவை ஏறினால் என்ன சொல்லுமோ.

சைக்கிள் ரேஸ் ஓட்டிய கடைசி வருடம் 63. வெள்ளிக்கிழமைதோறும் கோச் எடை பார்ப்பார். அரைக் கிலோ கூடியிருந்தால் திட்டமாட்டார், என் தட்டைப் பார்த்து ஓர் இருமல் இருமுவார், அவ்வளவுதான். ஓய்வு பெற்று நாலு வருடம். இரும ஆளில்லை. பசி மட்டும் அப்படியே இருக்கிறது, விடிகாலையில் நூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்தவனுடைய பசி. நேற்று எண்ணெய் பரோட்டா ஐந்து. அதற்கு மேல் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம்.

டீமில் என்னோடு ஓட்டிய குருசாமி போன வருடம் போய்விட்டான். அவனும் இப்படித்தான் ரேஸை விட்டுவிட்டு உடம்பு ஊதிப்போனான். குளியலறையில் விழுந்தவன், எழவில்லை. நாற்பதுகூட ஆகவில்லை. அதிலிருந்து உட்கார்ந்தால், படுத்தால், விரல் தானாக மணிக்கட்டுக்குப் போகிறது நாடி பார்க்க. பயம்தான், வேறென்ன.

கம்பெனியில் இன்று புஸ்வாணப் பெட்டி லோடு வந்தது. மூடியில் நான். மெடல் வாங்கி வந்த வருடம் முதலாளி அச்சடித்த லேபிள். ஒட்டின கன்னம், குனிந்த முதுகு, பின் சக்கரத்திலிருந்து பூப்பூவாக நெருப்பு. ஓட்டுவதை நிறுத்தியதும் அவர்தான் கூப்பிட்டு போர்மேன் பயிற்சிக்கு அனுப்பி வேலை கொடுத்தார். பெட்டியில் படம் இல்லாவிட்டால் கொடுத்திருப்பாரா? தெரியாது. கேட்கவும் பயம்.

மதியம் சேலத்து வியாபாரி ஒருவர் வந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "பெட்டில இருக்காருல்ல, அவரு இவருதான்."

வியாபாரி பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவரோட அண்ணனுங்களா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் போன பிறகு முதலாளி: "ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு சீசனைத் தொடங்குதோம். அன்னைக்கே புதுசா ஒரு போட்டோ எடுத்து லேபிளை மாத்திருவோம். அதுக்குள்ள கொஞ்சம் வத்திருவீகள்ல?"

வத்திருவேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பதினெட்டு. ஆறு நாள்.

ஜூலை 29, செவ்வாய்

காற்று அப்படியே.

காலைச் சாப்பாடு கிடையாது. மதியம் வெள்ளரிக்காய், மோர். மூன்று மணிக்குக் கண் இருட்டியது. பாக்கிங் ஷெட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்கிற ரோலரில் ஏற்றி மிதித்தேன். பத்து நிமிடம். காதுக்குள் நெஞ்சு இடித்தது. குருசாமி ஞாபகம் வந்தது, இறங்கிவிட்டேன்.

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். அடியில் ரேஸ் உடுப்பு. நீலம். ரப்பர் மாதிரி இழுபடும் துணி. கால் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மேல்பாகத்தை மட்டும் மாட்டினேன். மாட்டுவதற்குள் வேர்த்துவிட்டது. ஆனால் வயிறு உள்ளே போனது. நிஜமாகவே போனது. மேலே வேலைச் சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தேன். மூச்சு பாதிதான் வருகிறது. ஞாயிறு வரைக்கும் பாதி மூச்சு போதும்.

ஜூலை 30, புதன்

போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன்.

எழுதும்போதே கை நிற்கிறது. பட்டாசுக் கம்பெனிக்குள் பருத்தியைத் தவிர வேறு துணி கூடாது. நைலான், பாலியெஸ்டர் எல்லாம் உரசினால் கரண்ட் பிடிக்கும். அதிலிருந்து ஒரு பொறி போதும், வெடிமருந்து பிடித்துக்கொள்ள. இதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுப்பது யார்? நான். காலையில் கேட்டில் நின்று சேலை முந்தியையும் சட்டை நுனியையும் கசக்கிப் பார்த்து உள்ளே விடுவது யார்? நான். என்னைக் கசக்கிப் பார்க்க யாரும் இல்லை. மேலே பருத்திச் சட்டைதானே, வெளியே தெரியாதே, ரூமுக்குள் போகும்போது வாசலில், உடம்பில் பிடித்த கரண்டை இறக்குகிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தானே போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாரியம்மா அக்கா, திரி வைக்கிற ரூமில் மூத்த ஆள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன போர்மேன், வாடிட்டீக. வீட்ல சோறு போடலையா?"

கேட்க எம்புட்டு சந்தோஷம்! வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் பாண்டி. மருந்து கலக்குகிறவன். மூஞ்சியெல்லாம் அலுமினியப் பொடி, வெள்ளிச் சிலை மாதிரி நிற்பான், கண் மட்டும் கறுப்பு. குழாயடியில் நான் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது காலருக்குள் நீலத்தைப் பார்த்துவிட்டான்.

"அண்ணாச்சி, உள்ள என்ன அது? நைலானா?"

"அதெல்லாம் இல்லலே. ரேஸ் துணி. வெளிநாட்டுச் சரக்கு. இது ஒண்ணும் செய்யாது."

வாயில் எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது. "அப்படியா" என்று போய்விட்டான்.

சாயந்திரம் வீட்டில் கழற்றினேன். தலைக்கு மேலே இழுக்கும்போது சடசடவென்று ஒரு சத்தம். கை முடி எல்லாம் நட்டுக்கொண்டது. கதவின் பித்தளைக் கொண்டியில் விரல் பட்டது. சுருக்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இதைப் போட்டுக்கொண்டுதான் காலையில் மருந்து ரூம் வாசலில் நின்றேன்.

ஜூலை 31, வியாழன்

போடவில்லை. வயிறு வெளியே. சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டு நிற்கிறது. எடை 90.9.

வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு இன்று பகல் டியூட்டி இல்லை. கொடியில் காய்ந்த நீலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, இதப் போட்டுட்டா கம்பெனிக்குப் போறீக?"

"ரோலர்ல மிதிக்கதுக்கு."

ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ் அவள். வார்டுக் கதை எதையும் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை என்பது அவளாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இன்று ஒன்றே ஒன்று சொன்னாள். "பருத்தின்னா எரிஞ்சு உதிந்துரும். இது உருகி ஒட்டிரும். நாங்க தோலோட சேத்துத்தான் எடுக்கணும்."

பிறகு தோசை ஊற்றப் போனாள். எனக்கு இரண்டு. மூன்றாவது வேண்டும் என்று கேட்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போடவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. மருந்து ரூம் பக்கம் கால் வரமாட்டேன் என்கிறது. தூரத்தில் நின்றே "பாண்டி, முடிஞ்சுதா?" என்று கத்துகிறேன். ரூமுக்கு நாலு பேர்தான் இருக்கணும், அதையும் தூரத்திலிருந்தே எண்ணிப் பார்த்தேன்.

காலையில் கேட்டில் நிற்கவும் முடியவில்லை. அடுத்தவன் சட்டையைத் தொட்டுப் பார்க்கக் கை கூசுகிறது. மாரியம்மா அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பொம்பளையாட்களை அவள் பார்ப்பாள். ஆம்பளையாட்கள் தாங்களாகவே வந்து போகட்டும், எல்லாம் பழைய ஆட்கள்தானே.

முதலாளி போன்: "போட்டோக்காரரு ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாராரு. நம்ம கம்பெனிக்கு மூஞ்சியே நீங்கதான், பாத்துக்கோங்க."

அவர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

பூஜை. ஆபீசில்தான், வேலை கிடையாது, மருந்து எல்லாம் பூட்டில். அதனால் போட்டால் தப்பில்லை என்று போட்டுக்கொண்டேன்.

போட்டோ நன்றாக வந்திருக்கிறதாம். பழைய சைக்கிளைக் கொண்டு வந்து நிறுத்தி, அதன் மேல் சாய்ந்து. போட்டோக்காரர் "மூச்ச இழுத்துப் பிடிங்க சார்" என்று சொல்லவே இல்லை. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். என் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, "எங்கன போச்சு இது? இருக்கன்குடி ஆத்தாளுக்கு விரதம் எதும் நேந்துகிட்டீகளா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

துணி கைக்குத் தட்டுப்பட்டிருக்குமோ என்று அரை அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"இந்த வாரம் பூரா வியாபாரிங்க வருவாக. இதே மாதிரி இருங்க."

பொங்கல், வடை, கேசரி. ஒன்றும் இறங்கவில்லை, துணி அப்படி இறுக்குகிறது. அந்த வகையில் லாபம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

போட்டேன். ஆபீசிலும் பாக்கிங் ஷெட்டிலும் மட்டும் நடமாட்டம். அங்கேயும் பட்டாசுதானே அடுக்கியிருக்கிறது என்று மனது கேட்டது.

மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு வியாபாரிகள். என்னோடு நின்று செல்பி. இரண்டு பெரிய ஆர்டர்.

மணிக்கட்டில் விரலை வைத்தால் நாடி தாறுமாறாக ஓடுகிறது. ரேஸுக்கு முந்தின நாள்கூட இப்படி அடித்ததில்லை. முன்பெல்லாம் என் நாடியைப் பார்க்கிற டாக்டர்கள், இவ்வளவு மெதுவாகவா என்று இரண்டாம் தடவை பிடித்துப் பார்ப்பார்கள். எனக்கு அதில் பெருமை. இந்த உடம்பு என் பேச்சைக் கேட்கிற உடம்பாக இருந்தது. இப்போது யாருடைய உடம்பு என்று தெரியவில்லை. இது நெஞ்சு வெடித்து விழுமா, இல்லை, நானே இதற்குத் தீ வைப்பேனா. ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் ஜெபம் பண்ணும்போது ஸ்டெல்லா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நானும் திறந்துதான் இருந்தேன்.

வாரம் பூரா என்னால் முடியாது. நாளை கடைசி. நாளையோடு அதை அடுப்பில் போட்டுவிட வேண்டும். அடுப்பில் வேண்டாம். குப்பையில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காற்று, வெயில். எட்டு மணிக்கே மண் சுட்டது. வியாபாரி வருகிறார் என்று உள்ளே போட்டிருந்தேன். முதலாளி அவரை அழைத்துவர சிவகாசிக்குப் போயிருந்தார்.

காலைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். குழாயடியில் பாண்டி முகம் கழுவிவிட்டு, துடைப்பதற்குச் சட்டையைத் தூக்கினான். உள்ளே மஞ்சளாக ஒரு பனியன். பளபளவென்று. கடையில் தொங்குமே, விளையாட்டுப் பனியன், அது.

"என்னலே இது?"

"நீங்கதான் சொன்னீகள்ல அண்ணாச்சி. ரேஸ் துணி, ஒண்ணும் செய்யாதுன்னு. நம்ம பஜார்லயும் அதே துணி கிடைக்கு. வேர்வை உடனே காஞ்சிருது."

"எப்பருந்து போடுத?"

"வெள்ளிக்கிழமைலருந்து. கேட்லயும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல." பிறகு அவன் முகம் மாறியது. "ஏன் அண்ணாச்சி?"

வெள்ளி. சனி. திங்கள். இன்று காலை. நாலு நாளாக இதைப் போட்டுக்கொண்டு மருந்து கலக்கியிருக்கிறான். இன்று கலந்த மருந்து இந்த நிமிடம் ரூமுக்குள் இருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா. ஓடிவிட வேண்டும் என்று. கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி. ஆனால் இங்கே ஓடக்கூடாது. யாராவது ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள், எதையாவது தட்டிவிடுவார்கள். அதையும் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

மெதுவாகப் பேசினேன். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "எதையும் தொடாதலே. சட்டையக் கழத்தாத. ரூம் பக்கம் போகாம மெதுவா கேட்டுக்கு வெளிய போ."

ஒவ்வொரு ரூமாகப் போய் வாசலுக்குத் தள்ளி நின்று சொன்னேன். "கையில இருக்கத அப்படியே வச்சிட்டு வாங்க. ஓடாதீக. மெதுவா." மாரியம்மா அக்கா என்ன ஏது என்று கேட்கவில்லை. முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் ரூமில் இருந்தவர்களை முன்னால் விட்டு, கடைசியாக வந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் எல்லோரும் நின்றோம். காற்றில் சேலையெல்லாம் படபடத்தது. அந்தச் சமயம் பார்த்து முதலாளி கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். வியாபாரி இறங்கினார். சேலத்துக்காரரேதான்.

"என்ன போர்மேன், எதுக்கு எல்லாரும் வெளிய நிக்கீக?"

ஆட்களைப் பார்த்துக் கேட்டேன். "பாண்டி போட்டிருக்க மாதிரி பனியன் உள்ள போட்டிருக்கவுக கையத் தூக்குங்க. திட்ட மாட்டேன்."

ஒருவரும் தூக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாண்டி. திரி ரூம் ஆள் ஒருவன். பாக்கிங்கில் இரண்டு பேர். கடைசியில், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, மருந்து அடைக்கிற ரூம் ஆள் இன்னொருவன்.

"போர்மேன் போட்டிருக்காருன்னு பாண்டி சொன்னான்" என்றான் அவன்.

முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை.

சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். ஒன்று பிய்ந்து விழுந்தது. நீலத்தைத் தலைவழியே உருவினேன், சடசடவென்று, பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. வயிறு சரிந்து வெளியே விழுந்தது. முதலாளி, வியாபாரி, முப்பது நாற்பது ஆட்கள் முன்னால், நடு ரோட்டில், வெறும் உடம்போடு நின்றேன்.

யாரும் என் வயிற்றைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி மருந்து ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.